பிரிவென்ட் படிவம்: மாணவன் பெயரைக் கொடுப்பதா?

வெள்ளிமலர் | நவம்பர் 14, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது இது இரண்டாம் முறை. லண்டன் புறநகரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன், வயது பதினான்கு. அடையாளம் தெரியக்கூடிய எதையும் எழுத மாட்டேன், சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஒரு மாதமாக அவன் வாயில் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகளைத் தவிர வேறு கதை இல்லை. எந்த வருடம், எந்த ஊர், எத்தனை பேர் என்று கிரிக்கெட் ஸ்கோர் போல ஒப்புவிக்கிறான். மற்றப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், இப்போது அவன் பக்கத்தில் இருக்கப் பயப்படுகிறார்கள். மதம், நிறவெறி, கட்சி என்று அவன் பேச்சில் ஒன்றும் இல்லை.

போன கிழமை பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவர் என்னையே திருப்பிக் கேட்கிறார்: "பிரிவென்டுக்கு அனுப்பலாமா? நீங்கள்தானே அவனை நன்றாக அறிவீர்கள்?"

தெரியாதவர்களுக்கு: பிரிவென்ட் என்பது பயங்கரவாதத்தின் பக்கம் போகக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டு திருப்ப இங்கே அரசாங்கம் வைத்திருக்கும் திட்டம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது, வருடா வருடம் கணினியில் செய்யும் பயிற்சி மட்டும்தான். படம் வரும், கேள்வி வரும், "அடுத்தது" என்று அமத்திக்கொண்டே போனால் கடைசியில் சான்றிதழ் வரும். பெயர் போனபிறகு என்ன நடக்கும்? பொலிஸ் வீட்டுக்குப் போகுமா? தாய்க்கு யார் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள். புத்திமதி வேண்டாம், விவரம் போதும்.

கணக்கன் | நவம்பர் 14, இரவு 9:40

தொடர்கிறேன் டீச்சர். என் மகளுக்கும் அதே வயது. அவள் பள்ளியில் இப்படி ஒருவன் இருந்தால் நான் என்ன நினைப்பேன் என்று யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

நகரசபைக்காரன் | நவம்பர் 14, இரவு 11:05

நான் ஒரு கவுன்சிலில் வேலை செய்கிறேன். பிரிவென்டின் அடுத்த கட்டமான சேனல் கூட்டங்களில் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

பள்ளி அனுப்பும் படிவத்தை முதலில் எடைபோடுவது போலீஸ். பயங்கரவாதத் தடுப்புப் பிரிவில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பெயர் ஏற்கெனவே ஏதாவது விசாரணையில் அடிபடுகிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால், கவலைப்பட ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கணிப்பு. பெரும்பாலானவை அந்தக் கட்டத்திலோ அதற்கடுத்த கட்டத்திலோ மூடப்பட்டு விடும், அல்லது சமூகப் பணித்துறைக்கோ மனநலப் பிரிவுக்கோ திருப்பிவிடப்படும்.

தாண்டி வருவதுதான் சேனல். அது ஒரு மேசை, அவ்வளவுதான். கவுன்சில் ஆள் தலைமை தாங்குவார். போலீஸ், பள்ளி, சமூகப் பணியாளர், மருத்துவத் தரப்பு என்று சுற்றிலும் ஆட்கள். ஒரு பையனுக்குத் தேவை மத விளக்கமா, மனநல மருத்துவரா, இல்லை மாலையில் போய் விளையாட ஒரு இடமா என்று அங்கே பேசுவோம். அந்த உதவியை ஏற்க சம்மதம் வேண்டும், சிறுவன் என்றால் பெற்றோர் சம்மதம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்த முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். பெயரைக் கொடுப்பதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

அளவு தெரிய வேண்டும் என்றால்: 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6,922 பெயர்கள் வந்தன. சேனல் எடுத்துக்கொண்டது 512. வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு பதினொன்றிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருப்பவர்கள். பள்ளி, கல்லூரிகளிலிருந்து வந்த பங்கும் கிட்டத்தட்ட அதேதான். அடுத்த ஆண்டு எண்ணிக்கை 8,778 ஆக ஏறியது, அதுவரை இல்லாத உச்சம். அதில் பாதிக்கு மேல் "கொள்கை எதுவும் தென்படவில்லை" என்ற பெட்டியில் விழுந்தவை. உங்கள் பையனும் அந்தப் பெட்டிதான்.

நேர்பேச்சு | நவம்பர் 15, காலை 7:18

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சவுத்போர்ட் அதற்குள் மறந்துபோச்சா? 2024 ஜூலை 29. நடன வகுப்புக்குப் போன மூன்று பெண் குழந்தைகள். கொன்றவன் பெயர் மூன்று தடவை பிரிவென்டுக்குப் போயிருக்கிறது. முதல் தடவை எதற்காக? பள்ளிக் கணினியில் துப்பாக்கிச் சூடுகளைத் தேடியதற்காக. அப்போது அவனுக்கு பதின்மூன்று வயது. டீச்சர் எழுதியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இன்றைக்கே அனுப்புங்கள், நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

காயல்காற்று | நவம்பர் 15, காலை 10:51

சகோதரி, அனுப்பு என்றோ அனுப்பாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், நான் இல்லை. ஆனால் பிரிவென்ட் என்ற பெயருக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் காயல்பட்டினம். லெஸ்டருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. 2005 ஜூலை 7இல் லண்டனில் குண்டு வெடித்து 52 பேர் இறந்தபோது வந்து சில மாதம்தான். குண்டு வைத்த நால்வரில் மூவர் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் என்று தெரிந்ததும் அரசாங்கம் அதிர்ந்துபோனது, அது நியாயம்தான். 2007இல் ஊர்களுக்குப் பணம் இறக்கினார்கள். எந்த ஊர்களுக்கு? மக்கள்தொகையில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் கவுன்சில்களைப் பொறுக்கி எடுத்தார்கள். கால்பந்துக் குழுவுக்கும் பெண்கள் பயிற்சி வகுப்புக்கும் காசு வந்தது. பந்து உதைக்கிற பையன் எதற்காக பயங்கரவாதத் தடுப்புக் கணக்கில் வருகிறான் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "பணம் வருகிறதே பாய், வாங்கிக்கொள்ளுங்களேன்" என்றார் ஒருவர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பதில் தெரியவில்லை.

2010இல் நாடாளுமன்றக் குழு ஒன்றே இந்த ஏற்பாடு ஒரு சமூகத்தின் மேல் முத்திரை குத்துகிறது என்று சொன்னது. 2011இல் தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது மாற்றி எழுதினார்கள். சமூக நல்லிணக்கப் பணத்தைத் தனியே பிரித்தார்கள், சரி. கூடவே, வன்முறை இல்லாத தீவிரக் கருத்தையும் உள்ளே இழுத்து "பிரிட்டிஷ் விழுமியங்களுக்கு எதிர்ப்பு" என்று ஒரு வரையறை வைத்தார்கள். 2015இல் சட்டமே வந்தது. அதன் 26ஆம் பிரிவுப்படி பள்ளி, மருத்துவமனை, கவுன்சில் எல்லாவற்றுக்கும் இது கடமை.

அன்றிலிருந்து நான் என் மகனிடம் சொல்லி வளர்த்தது ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தில் பாலஸ்தீனம் பற்றி வாயைத் திறக்காதே. அவன் தப்பாகப் பேசுவான் என்று எனக்கு ஒரு நாளும் பயம் இருந்ததில்லை. கேட்கிறவர் காதில் என்னவாக விழும் என்பதுதான் பயம். இப்போது அவனுக்கு இருபத்தொன்று. அரசியல் பற்றி என்னிடமும் பேசுவதில்லை.

மழைத்தூறல் | நவம்பர் 15, பிற்பகல் 1:20

ஒரு சின்னப் பையன் "நான் டெரஸ்ட் ஹவுஸில் (வரிசை வீட்டில்) இருக்கிறேன்" என்று எழுத நினைத்து "டெரரிஸ்ட் ஹவுஸ்" என்று எழுதி, போலீஸ் வீட்டுக்கு வந்ததே, அதுவும் இந்தத் திட்டம்தானே? 😀

நகரசபைக்காரன் | நவம்பர் 15, பிற்பகல் 2:02

அந்தக் கதையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லங்காஷயரில் 2015இல் நடந்தது. ஒரு எழுத்துப் பிழைக்காக மட்டும் நாங்கள் போகவில்லை, இதை பயங்கரவாத விவகாரமாகவும் எடுக்கவில்லை என்று போலீஸும் கவுன்சிலும் மறுத்தன. லூட்டனில் நான்கு வயதுக் குழந்தை அப்பா வெள்ளரிக்காய் வெட்டுவதைப் படம் வரைந்து "கியூகம்பர்" என்று சொன்னது, "குக்கர் பாம்" என்று காதில் விழுந்த கதை 2016இல் பிபிசியில் வந்தது. அது பாலர் பள்ளி ஊழியரின் காது. யாராவது இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினால் இந்த இரண்டையும்தான் எடுப்பார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மையான சிக்கல் இந்த மாதிரி ஜோக்குகளில் இல்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி | நவம்பர் 15, மாலை 6:33

தங்கச்சி வெள்ளிமலர், நான் 85இல் வந்தவன். முதல் ஆறு வருடம் பேர்மிங்ஹாமில். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. என்னோடு வேலை செய்தவர் ஒரு ஐரிஷ்காரர், என்னை விட இருபது வயது மூத்தவர். வாடிக்கையாளர் வந்தால் அவர் வாயே திறக்க மாட்டார், நான்தான் என் அரைகுறை ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "என் உச்சரிப்பு" என்றார்.

1974 நவம்பரில் அந்த நகரத்தில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் செத்துப் போனார்கள். எட்டு நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆறு ஐரிஷ்காரரைப் பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். பதினாறு வருடம் உள்ளே இருந்தபிறகு, 1991இல் தீர்ப்பே பிழை என்று விட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாள் அந்த மனுசன் வேலைக்கு வரவில்லை.

பிறகு 2010இல் அதே நகரத்தில், முஸ்லிம்கள் கூடுதலாக இருக்கும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பக்கம் 218 கமரா பொருத்தினார்கள். அதில் 72 மறைவாக. குற்றத் தடுப்புக்கு என்று சனத்துக்குச் சொன்னார்கள், காசு வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியில் இருந்து. விசயம் வெளியில் வந்ததும் கமராக்களுக்குப் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டி, அடுத்த வருடம் கழற்றினார்கள். இது பிரிவென்ட் கணக்கில் வராது, வேறு பிரிவு என்று யாராவது திருத்துவதற்கு முன் நானே சொல்லி விடுகிறேன். ஆனால் கமராவுக்குக் கீழே நடந்து போகிறவனுக்கு எந்தப் பிரிவு என்ற கவலை இல்லை. அடுத்த நாள் ஒரு கவுன்சில் ஆள் வந்து "உங்கள் இளைஞர்களுக்கு உதவ வந்தோம்" என்றால் அவன் எந்த முகத்தைப் பார்ப்பான்?

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. புலிகளுக்கு இங்கே 2001இல் இருந்து தடை. வீட்டில் பெரியப்பாவின் பழைய ரீசேட்டில் புலிச் சின்னம் இருக்கும், பொடியன் விளையாட்டு நாளுக்கு அதைப் போட்டுக்கொண்டு போவான். அவனுக்கு அது குடும்பக் கதை. 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவுக்கு அது தடைசெய்த அமைப்பின் சின்னம். இந்தக் கதையை வாசித்துவிட்டு "அது முஸ்லிம்களின் பிரச்சினை" என்று போகிறவர்கள் தங்கள் அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள்.

நேர்பேச்சு | நவம்பர் 15, மாலை 6:58

ஐயா, எல்லா இழையிலும் புலியைக் கொண்டுவந்து கட்ட வேண்டுமா? ஒரு பள்ளிப் பையன் விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மட்டுறுத்துநர் | நவம்பர் 15, இரவு 7:30

தடை சரியா தவறா என்பதற்கு ஏற்கெனவே நாற்பது பக்க இழை ஒன்று இருக்கிறது. அங்கே போய் மோதிக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ஹாம் அண்ணாவின் பதிவு தலைப்போடு பொருந்துவதால் விட்டிருக்கிறேன். அதற்கு வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். காரணம், அவற்றை எழுதியவர்களுக்குத் தெரியும்.

கணக்கன் | நவம்பர் 15, இரவு 10:14

என் பிழைப்பே தரவு என்பதால் ஒரு கணக்கு. கற்பனை எண்கள்தான், யாரும் எடுத்து மேற்கோள் காட்டாதீர்கள்.

பத்து லட்சம் மாணவர்கள். அவர்களில் உண்மையில் கத்தி எடுக்கப்போகிறவர்கள் பத்து பேர் என்று வையுங்கள். நம் ஆசிரியர்கள் எல்லோரும் அபார மூளைக்காரர்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகக் கணிக்கிறார்கள். அப்போதும் அந்தப் பத்து பேரோடு சேர்த்து ஒன்றும் செய்யாத பத்தாயிரம் பிள்ளைகள் பெயரும் வரும். ஆயிரத்தில் ஒன்றுதான் தேறும். நிஜத்தில் எந்த ஆசிரியரும் தொண்ணூற்றொன்பது இல்லை, மன்னிக்கவும் டீச்சர். நானும் இல்லை.

இதில் இன்னொரு கோணல். 2005இல் குண்டு வைத்த நால்வரில் மூத்தவரான சிதீக் கான் லீட்ஸில் ஒரு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் வேலை பார்த்தவர். பள்ளியில் நல்ல பெயர். திட்டம் இவ்வளவு பெரிதாக வளர அவர்தான் முதல் காரணம், ஆனால் திட்டம் தேடுவது பள்ளியில் முகம் வாடி உட்கார்ந்திருக்கும் பையனை! ஜோ காக்ஸ் எம்.பி.யை 2016இல் கொன்ற தாமஸ் மேர் என்பவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 2017இல் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசல் அருகே வேன் ஏற்றியவர் சில வாரங்களுக்குள் இணையத்தில் படித்தே வெறியேறியவர். இவர்களை எந்த வகுப்பறையில் பிடிப்பது?

நேர்பேச்சு | நவம்பர் 16, காலை 8:05

கணக்கு சரிதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போட்ட கணக்கு கண்டுபிடிப்பதைப் பற்றியது. சவுத்போர்ட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளி சொன்னது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. டேவிட் அமெஸ் எம்.பி. 2021இல் குத்திக் கொல்லப்பட்டார், அவரைக் கொன்றவனையும் 2014இல் பள்ளி காட்டிக் கொடுத்திருக்கிறது. ஆசிரியர்கள் வேலை செய்தார்கள். கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு அதிகாரிகள்தான் கோட்டை விட்டார்கள். அதனால்தான் டீச்சரை அனுப்பச் சொல்கிறேன். அவர் பங்கை அவர் செய்யட்டும்.

கணக்கன் | நவம்பர் 16, காலை 8:31

இதை ஏற்கிறேன். நேற்று உங்களை வெறும் சத்தம் போடுகிறவர் என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கவும்.

அப்புறம் ஒரு சந்தேகம். பிரிவென்டை மறுஆய்வு செய்த வில்லியம் ஷாகிராஸ் அறிக்கை "கொள்கையைப் பார், மனநலத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதே" என்று சொன்னதால்தானே கொள்கை இல்லாத சவுத்போர்ட் பையனை விட்டுவிட்டார்கள்?

நகரசபைக்காரன் | நவம்பர் 16, பிற்பகல் 12:40

இல்லை, காலக்கணக்கு இடிக்கிறது. சவுத்போர்ட் பையன் பெயர் வந்தது 2019 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை. ஷாகிராஸ் அறிக்கை வெளியானது 2023 பிப்ரவரியில். அவர் தலையில் இதைக் கட்ட முடியாது.

ஆனால் நீங்கள் தொட்ட இடம் சரியான இடம். ஷாகிராஸ் கையில் எடுத்த எண்கள் இவை: 2020-21இல் வந்த பெயர்களில் இஸ்லாமியவாதம் சார்ந்தவை 22 சதவீதம், அதே சமயம் போலீஸின் பயங்கரவாத விசாரணைகளில் 80 சதவீதம் அது சார்ந்தவை. ஆகவே திட்டம் திசைமாறிவிட்டது என்றார். 34 பரிந்துரைகள், எல்லாவற்றையும் அரசு ஏற்றது. அவரை நியமித்தபோதே பதினேழு அமைப்புகள் ஒத்துழைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டிருந்தன, அதனால் காயல்காற்று போன்றவர்கள் குரல் அந்த அறிக்கைக்குள் பெரிதாக வரவில்லை. அவர் இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் வைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. விசாரணையில் இருப்பவர்கள் முற்றியவர்கள், எங்களிடம் வருவது பதினான்கு வயது. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சவுத்போர்ட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் வந்த ஆய்வு என்ன சொன்னது? கொள்கை தெளிவாக இல்லை என்பதையே பெரிதாக எடுத்து மூடிவிட்டார்கள், மூன்று பெயர்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை என்று. துப்பாக்கிச் சூடு தேடல் ஒரு தடவை, லிபியா பற்றிய பதிவுகள் ஒரு தடவை, லண்டன் பிரிட்ஜ் தாக்குதல் பற்றிய பக்கங்கள் ஒரு தடவை. தனித்தனியாக மூன்றும் சின்னதுதான். நான் அந்த மேசையில் இருந்திருந்தாலும் மூடியிருப்பேனோ என்று இரவில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அமெஸ் வழக்கில், அந்த இளைஞனை மெக்டொனால்ட்ஸில் ஒரே ஒரு தடவை சந்தித்துப் பேசியதோடு சரி. பையன் நன்றாகப் பேசினான், விஷயம் புரிந்தவன் போல இருந்தான், மூடிவிட்டார்கள். ஏழு வருடம் கழித்து அந்தக் கொலை.

பிரிவென்டைப் பற்றி டேவிட் ஆண்டர்சன் பிரபு 2025 ஜூலையில் கொடுத்த அறிக்கை, கொள்கை இல்லாத வன்முறை மோகத்துக்கும் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்கிறது. நீண்ட காலத்தில் இதை எல்லா வன்முறைத் தடுப்புக்குமான பொதுவான ஏற்பாட்டோடு சேர்க்கலாமா என்றும் யோசிக்கச் சொல்கிறது. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. கதவின் மேல் "பயங்கரவாதம்" என்று பலகை மாட்டிவிட்டு, உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த நோய் இல்லை என்று திருப்பி அனுப்புகிறோம். அவர்கள் எங்கே போவார்கள்? மனநலப் பிரிவில் காத்திருப்போர் வரிசை எவ்வளவு நீளம் என்று இங்கே பிள்ளை வளர்க்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சிங்கைச்செல்வி | நவம்பர் 16, மாலை 4:15

எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2001 கடைசியில் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் ஆட்களைப் பிடித்தபிறகு, 2003இல் உஸ்தாத்கள் (இஸ்லாமிய மார்க்க ஆசிரியர்கள்) சிலர் தாங்களே முன்வந்து சமய மறுவாழ்வுக் குழு தொடங்கினார்கள். தடுப்புக்காவலில் இருப்பவர்களோடு உட்கார்ந்து வேதத்தை வரிவரியாகப் பேசுவார்கள். குடும்பத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வேறு குழுக்கள் உதவும்.

2020 டிசம்பரில் பிடிபட்ட பையனுக்கு பதினாறு வயது. இந்திய வம்சாவளி, புராட்டஸ்டன்ட் கிறிஸ்துவன். 2019இல் நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதலைப் பார்த்து, அதன் இரண்டாம் ஆண்டு நாளில், 2021 மார்ச் 15இல், உட்லண்ட்ஸ் பக்கம் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டம் போட்டிருக்கிறான். செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. "நம்ம பையனா?" என்ற கேள்வி எல்லோர் முகத்திலும் இருந்தது. அதுவரை இது வேறு வீட்டுச் சங்கதி என்றுதானே இருந்தோம்.

காயல்காற்று | நவம்பர் 16, மாலை 5:02

சகோதரி, ஒன்று கேட்கட்டுமா? அங்கே அந்தப் பேச்சு நடப்பது பூட்டிய கதவுக்குள்தானே? உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு விசாரணையே இல்லாமல் இரண்டு வருடம் வைக்கலாம், பிறகு நீட்டிக்கலாம். "மனம் மாறிவிட்டேன்" என்று சொன்னால்தான் வெளியே வரலாம் என்ற நிலையில் ஒருவன் சொல்வதை நான் எப்படி நம்புவது?

சிங்கைச்செல்வி | நவம்பர் 16, மாலை 5:26

நியாயமான கேள்வி. எனக்கு முழு பதில் இல்லை. உஸ்தாத்கள் ஊரில் மதிப்புள்ளவர்கள், அரசாங்கச் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, அது பெரிய விஷயம் என்று மட்டும் சொல்வேன். ஆனால் சாவி யார் கையில் என்றால், நீங்கள் சொல்வதுதான்.

நகரசபைக்காரன் | நவம்பர் 16, மாலை 6:10

டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரத்தைப் பாருங்கள். 2013 வரை அந்த ஒரு ஊரிலிருந்து முப்பது பேர் போல சிரியாவுக்குப் போனார்கள். போலீஸும் நகரசபையும் பள்ளிவாசலோடு நேரில் பேசின, திரும்பி வந்தவர்களுக்கு வேலையும் வழிகாட்டியும் தேடிக் கொடுத்தன. 2014இல் போனது ஒருவர். இதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதாத கட்டுரை இல்லை. அந்த ஊரில் போலீஸுக்கும் கவுன்சிலுக்கும் அதற்கு முன்னாலேயே பல வருடப் பழக்கம் இருந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. லண்டனில் என் மேசைக்கு வரும் போலீஸ்காரர் வருடத்துக்கு ஒருவர் மாறுகிறார். பெயரை மனதில் வைப்பதற்குள் விருந்து வைத்து அனுப்பிவிடுகிறோம்.

ஈஸ்ட்ஹாம்வாசி | நவம்பர் 16, இரவு 8:47

அதுதான் விசயம் தம்பி. தெரிந்த முகம். அந்த ஐரிஷ்காரர் கடைசி வரை என்னோடுதான் கதைத்தார்.

வெள்ளிமலர் | நவம்பர் 18, இரவு 8:30

மன்னிக்கவும், இரண்டு நாள் எழுத முடியவில்லை. எல்லாவற்றையும் வாசித்தேன். சிலதை இரண்டு தடவை.

நேர்பேச்சு அண்ணாவின் முதல் பதிவை வாசித்துவிட்டு அன்று இரவு நித்திரை வரவில்லை. காயல்காற்று அண்ணாவுடையதை வாசித்தபிறகும் வரவில்லை.

பொறுப்பாளரோடு பேசினேன். தாய்க்குச் சொல்லாமல் அனுப்பக்கூடாது என்று நான் நின்றேன். சொன்னால் பையனுக்கோ வேறு யாருக்குமோ ஆபத்து கூடும் என்றால் மட்டும் சொல்லாமல் விடலாம், இங்கே அப்படி இல்லை என்று அவரும் ஒத்துக்கொண்டார். நேற்று தாய் வந்தார். வேலைச் சீருடையோடு, ஷிஃப்டுக்கு இடையில். அவன் இரவு மூன்று மணி வரை ஃபோனோடு இருக்கிறான், தகப்பன் போன வருடம் வீட்டை விட்டுப் போனதிலிருந்து இப்படித்தான் என்றார். குடும்ப மருத்துவரிடம் கேட்டு பத்து மாதமாக மனநலப் பிரிவின் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்களாம். பத்து மாதம்! என் வகுப்பில் அவனுக்கு ஒரு மாதமாகத்தான் பிரச்சினை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தை அவர் முன்னாலேயே நிரப்பினோம். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். "தீவிரவாதி ஆகக்கூடும்" போன்ற என் ஊகம் ஒன்றையும் சேர்க்கவில்லை. காத்திருக்கும் கடிதத்தைப் பற்றியும் எழுதினேன். அதே நேரம் சமூகப் பணித்துறைக்கும் தனியாக ஒரு கோரிக்கை போயிருக்கிறது.

எல்லாம் முடிந்து எழும்பும்போது தாய் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்தப் பெயர் எவ்வளவு காலம் அங்கே இருக்கும்? அவன் பெரியவனாகி வேலைக்குப் போகும்போது வருமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நகரசபைக்காரன், உங்களுக்குத் தெரியுமா?

நகரசபைக்காரன் | நவம்பர் 18, இரவு 9:55

போலீஸின் தரவுத்தளத்தில் பொதுவாக ஆறு வருடம். பிறகு மறுபரிசீலனை. இது குற்றப் பதிவு இல்லை, அதை அவருக்கு அழுத்திச் சொல்லுங்கள். ஆனால் எவர் எவர் கண்ணில் படும் என்று சத்தியம் பண்ண நான் தயாரில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பதினொரு வயதில் பெயர் கொடுக்கப்பட்ட ஒரு பையன் விஷயத்தில், கவலைப்பட ஒன்றுமில்லை என்று மூடிய பிறகும் போலீஸ் விவரங்களை வைத்திருந்தது. வழக்கு போட்டார்கள். 2020இல் உயர்நீதிமன்றம் அப்படி வைத்திருந்தது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆக, நீக்கச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் கேட்கிறார்கள். படிவத்தின் நகலையும் அனுப்பிய தேதியையும் அந்த அம்மாவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காயல்காற்று | நவம்பர் 18, இரவு 10:20

தாயை முன்னால் உட்கார வைத்து எழுதினீர்களே சகோதரி. என் மகன் பள்ளியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு டீச்சர் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நேர்பேச்சு | நவம்பர் 18, இரவு 10:41

போலீஸிலிருந்து பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வையுங்கள் டீச்சர். வராவிட்டால் ஃபோன் போடுங்கள். இரண்டாம் தடவை கவலை வந்தால் இரண்டாம் படிவம், அதில் முதல் படிவத்தின் தேதியையும் எழுதுங்கள். அவர்கள் சேர்த்துப் பார்க்காவிட்டாலும் நீங்கள் சேர்த்துக் கொடுங்கள்.

வெள்ளிமலர் | நவம்பர் 20, மாலை 5:48

குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் ஃபோன் வரவில்லை.

அவன் இன்று வகுப்புக்கு வந்தான். உப்புகளைச் சுவாலையில் காட்டி நிறம் பார்க்கும் பரிசோதனை. செம்பு பச்சையாக எரிந்தபோது "மிஸ், இன்னொரு தடவை" என்றான். அவனோடு சேர்ந்து செய்ய யாரும் வரவில்லை, நான்தான் பக்கத்தில் நின்றேன். நாளை காலை ஒன்பது மணிக்கு சமூகப் பணியாளரோடு கூட்டம். தாய் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறார், கிடைத்ததா என்று இன்னும் தெரியாது.